நாக்கில்லாத மணி

வெள்ளம் வடிந்த பதினோராம் நாள்
ஷீரே ஆறு எங்களுக்குத் திருப்பித் தந்தவை:
ஆலயத்தின் மூன்று சுவர்கள்,
நாக்கில்லாத மணி,
பீடத்தடியில் செத்த கெளுத்தி ஒன்று,
ஞானஸ்நானப் பதிவேடு.

பதிவேட்டைப் பிரித்தேன்.
ஊறிய ரொட்டிபோல் பிய்ந்து வந்தது.
எழுபது வருஷத்துப் பெயர்கள்
ஒரே நீலக் குழம்பாக
விரலிடுக்கில் வழிந்தன.
நான் சைக்கிள் பழுதுபார்க்கிறவன்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
சபை என்னைச் செயலாளராக்கியது.
அன்று கை கழுவ மனம் வரவில்லை.

முகாமில் எங்களுக்கு எண்கள்.
நான் இருநூற்றுப் பதினான்கு.
எண்ணைச் சொன்னால் சோளமாவு,
எண்ணைச் சொன்னால் கொசுவலை.
குறை சொல்லவில்லை,
அந்த மாவைத் தின்றுதான் உயிரோடிருக்கிறேன்.
ஆனால் ஓரிரவு
பக்கத்துக் கூடாரத்தில் யாரோ
தூக்கத்தில் தன் எண்ணை உளறியதைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கூரையில்லாத ஆராதனை.
போதகர் சிப்பேத்தா வாசிக்கத் தொடங்கினார்.
ஆறுகளைப் பற்றிய வாக்குத்தத்தம் வந்ததும்
நிறுத்தினார்.
தொண்டையைச் செருமிக்கொண்டார்.
வேதத்தை மூடி மடியில் வைத்து,
"இன்று பெயர்களை எழுதுவோம்" என்றார்.

இருநூறு பக்கப் பள்ளி நோட்டு,
அட்டையில் பந்தை உதைக்கும் ஒரு கால்.
ஒரே ஒரு விதி:
தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது,
பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும்.

"இவள் தமண்டானி.
இரண்டு பிள்ளைகளை உடம்போடு கட்டிக்கொண்டு
மாமரத்தில் மூன்று இரவு இருந்தாள்.
அதில் ஒன்றுதான் அவள் பிள்ளை."

"இவன் லிம்பானி, என் ஆட்டைத் திருடியவன்.
அவனை எழுது, ஆட்டை எழுதாதே."

சிரித்தோம்.
சிரிப்பு துருப்பிடித்த சங்கிலிபோல்
முதலில் சிக்கி, பிறகு ஓடியது.

ஒரு பொடியன் கேட்டான்:
"இதில் பேர் இருந்தால் என்ன கொடுப்பார்கள்?"
"ஒன்றும் கொடுக்கமாட்டார்கள்."
"அப்புறம் ஏன் இவ்வளவு பெரிய வரிசை?"

எஸ்நாத் எழுந்தாள்.
பக்கத்தில் யாருமில்லை.
வெற்றிடத்தின் தலையில் கை வைத்து,
"இவள் யங்கோ, வயது ஆறு" என்றாள்.
நான் போதகரைப் பார்த்தேன்,
அவர் தரையைப் பார்த்தார்.
எழுதினேன்.

அடுத்தது மலீரோ.
எங்கள் மொழியில் அதற்குச் சாவுச் சடங்கு என்று பொருள்.
முன்னே பிறந்த நால்வரைப் புதைத்த கையோடு
தாய் அவளுக்கு வைத்த பெயர்.
மூப்பர் ஒருவர் இரக்கத்தோடுதான் சொன்னார்:
"புது ஏடு, புதுப் பெயர்.
சிக்கோண்டி என்று போடலாமே? அன்பு!"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.
பிறகு சொன்னாள்:
"அப்படிக் கூப்பிட்டால்
நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்,
வேறு யாரையோ என்றிருப்பேன்.
இத்தனை காலம் அவர் நேசித்தது
மலீரோவைத்தானே?
தண்ணீருக்குள் தேடி வந்ததும்
அந்தப் பெயரைச் சொல்லித்தானே?
அழுதுகொண்டே என் தாய் வைத்த பெயர்.
அவருக்கு அது கூசவில்லை.
உங்களுக்கு ஏன்?"

யாரும் பேசவில்லை.
எங்கோ ஒரு தவளை மட்டும்.

பழைய ஏட்டில் என் பெயர்
ஒரே எழுத்தும் ஒரு புள்ளியுமாக இருந்தது.
நானே அப்படி எழுதிவைத்தது.
மாவூத்தோ: தொல்லைகள்.
"தொல்லை வருது பார்" என்று
சந்தையில் கேலி செய்வார்கள்.
ஆற்றுக்கு முன்பே
என்னை நானே அழித்திருந்தேன்.

நோட்டை மூடப் போனேன்.
"நில்" என்றான் ஆட்டுத் திருடன்.
"ஒருத்தன் விட்டுப்போச்சு.
இவன் மாவூத்தோ.
என் சைக்கிளுக்கு இன்னும் சங்கிலி மாட்டித் தரவில்லை.
முழுசா எழுது."

முழுசாக எழுதினேன்.
கை நடுங்கியதில் கடைசி எழுத்து
கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மை காயவில்லை. காற்றிலேயே ஈரம்.
மலீரோ குனிந்து பக்கத்தின்மேல் ஊதினாள்.
லிம்பானி ஊதினான். அந்தப் பொடியன்
எச்சில் தெறிக்க ஊதினான்.
யாருடைய மூச்சு யாருடைய பெயர்மேல் பட்டதென்று
அதற்குப் பிறகு தெரியவில்லை.